இரட்டை ஆறு

"நான் விழவில்லை, இறங்கினேன்" என்றார் அப்பா,
ஃபிரிட்ஜுக்கும் விறகடுப்புக்கும் நடுவே
ஒருக்களித்துக் கிடந்தபடி.
ஒரு செருப்பு காலில். மற்றது
மேசைக்கு அந்தப் பக்கம்,
கோபித்துக்கொண்டு போனதுபோல.

காலை ஐந்தரை, நவம்பர்.
புன்டா அரீனாஸில் அந்நேரமே வெளிச்சம் வந்துவிடும்,
காற்று அதற்கும் முன்னால்.
தகரக் கூரையை அது உலுக்கிய உலுக்கலில்
அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.
எத்தனை முறை கூப்பிட்டீர்கள் என்றேன்.
கூப்பிடவே இல்லை என்றார்.
தொண்டை கட்டியிருந்தது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கத்தான் போனேன்.
தூக்காதே என்று நர்ஸ் யஸ்னா
போன வருடமே சொல்லியிருந்தாள்.
முதலில் எங்கே வலி என்று கேள்,
கால்விரலை அசைக்கச் சொல்,
அவசரம் உன்னுடையது, அவருடையது இல்லை.

இடுப்பு?
இல்லை.
தலை?
"தலையில் இருந்ததெல்லாம் உன் அம்மாவோடு போயிற்று."
சரி, தலைக்கு ஒன்றுமில்லை.

தரை சில்லிட்டது. போர்வை கொண்டுவந்து போர்த்தினேன்.
அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல்
பக்கத்திலேயே நானும் படுத்துவிட்டேன்,
நாற்பத்தொன்பது வயதில்,
பஸ் டிரைவர் சீருடையோடு.
அவர் காதுக்குள் முளைத்திருக்கும் நரைமுடியை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

அங்கிருந்து பார்த்தால் அது வேறு வீடு.
மேசையின் அடிவயிற்றில் ஒட்டிய பழைய சூயிங்கம்,
என்னுடையதுதான்.
ஃபிரிட்ஜுக்கு அடியில் தூசிச் சுருள்,
நூறு பெசோ நாணயம்,
விழுங்கியாயிற்று என்று சத்தியம் செய்த
இரண்டு ரத்த அழுத்த மாத்திரைகள்.
அதற்கும் பின்னால், சுவரை ஒட்டி,
கறுப்பாக ஒன்று. வெள்ளைப் புள்ளிகள்.

அப்பா மூச்சை நிறுத்தினார்.
துடைப்பக் காம்பை விட்டு இழுத்தேன்.
டொமினோ. இரட்டை ஆறு.
ஓயார்சோ திருடிவிட்டான் என்று
ஒன்பது வருடம் அவர் முகத்தில் விழிக்காதிருந்த காய்.
இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.
அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவரை
அப்பா வாசலோடு திருப்பி அனுப்பினார்.

"இதைத் தேடத்தான் இறங்கினேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பொய்யைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு யஸ்னா சொன்ன வரிசை:
பக்கவாட்டில் திரும்புங்கள், முழங்கையை ஊன்றுங்கள்,
இப்போது முட்டி, இதோ நாற்காலி,
வலிக்காத கால் முதலில்.
நான் அவரைப் பிடிக்கவில்லை,
நாற்காலியைத்தான் பிடித்திருந்தேன்.
அவராகவே எழுந்தார். நாலு நிமிடம் ஆயிற்று.
டொமினோவை விடாத முஷ்டி
நாற்காலிப் பலகையில் டொக்கென்று ஊன்றியது.

குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கலாமென்று
இரண்டு வருடமாய்க் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.
காற்றுக்காலத்தில் நகராட்சி
தெருமுனைகளில் கட்டும் கயிற்றைக் காட்டி
வயசுப் பையன்களே பிடித்துத்தானே நடக்கிறார்கள் என்பேன்.
"அது காற்றுக்கு, இது கிழவனுக்கு" என்பார்.
பேச்சு அங்கேயே முடியும்.

அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினார்.
ஞாயிற்றுக்கிழமை ஓயார்சோ வந்தார்,
ஒரு கையால் கயிற்றைப் பிடித்துப் பிடித்து,
மறுகையில் டிரில்லிங் மெஷின்.
மன்னிப்பு என்ற சொல் எதுவும் என் காதில் விழவில்லை.
கம்பி எந்த உயரத்தில் என்று ஒரு மணி நேரம் சண்டை.
இரண்டு டைல்ஸ் உடைந்தன.
கடைசியில் கோணலாகத்தான் போட்டார்கள்.
அப்புறம் காய்களைக் கவிழ்த்துக் கலைக்கும் சத்தம்,
இருட்டும்வரை.

"அவன் போட்டது எத்தனை நாள் நிற்கும் பார்க்கிறேன்" என்று
காலைதோறும் அதில் தொங்கிப் பார்க்கிறார் அப்பா,
முழு எடையும் போட்டு.
கதவுக்கு வெளியே ஷூவின் கயிற்றைக் கட்டியபடி
அந்தக் கிறீச்சுக்குக் காத்திருந்து
கேட்ட பிறகுதான்
டிப்போவுக்குக் கிளம்புகிறேன்.