காரணம் எழுதும் கட்டம்

கொட்டாவியைப் பாதியில் நிறுத்தக்
கற்றுக்கொண்டுவிட்டேன்.
ஆப்பிளைத் துருவித் தின்கிறேன்.
குபூஸைப் பருப்பில் ஊறப்போட்டு
நாக்காலும் அண்ணத்தாலும் நசுக்குகிறேன்,
பல்லுக்குத் தெரியாமல்.

வலது காதுக்கு முன்னால் தொடங்குகிறது.
தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்
பின்கழுத்தில் கொஞ்சம் நின்று
நெற்றிப்பொட்டுக்கு ஏறுகிறது,
வெள்ளிக்கிழமை மாலை மனாமா சூக்கில்
பார்க்கிங் தேடும் காரைப்போலச்
சுற்றிச் சுற்றி
ஹார்ன் மட்டும் அடித்துக்கொண்டு.

குதைபியாவில் பல் டாக்டர்
கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்.
நல்ல பல். வேரில் கறைகூட இல்லையென்று
அவரே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வியந்தார்.
பஞ்சைக் கடித்தபடி நானும் வியந்தேன்.
பல் இப்போது பனடால் டப்பாவில் இருக்கிறது.
வலி அதே இடத்தில்,
ஆள் காலி செய்த அறையில்
ஓடிக்கொண்டிருக்கும் ஏசி மாதிரி.

காது டாக்டர், காது சுத்தம் என்றார்.
நரம்பு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு
எல்லாம் நார்மல், சந்தோஷப்படுங்கள் என்றார்.
பட்டேன்.
லிஃப்ட் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.
பிசியோதெரபி மரிசெல் மட்டும்
கழுத்தில் கட்டைவிரலை ஊன்றி
'ஓ' என்றாள்.
அந்த ஓரெழுத்துக்கு
எட்டு தினார் தரலாம்.

இன்பசேகர் கேட்கிறார், இப்போ எப்படி இருக்கு?
முதல் வருடம் விவரமாகச் சொன்னேன்.
அடுத்த வருடம், பரவாயில்லை.
இப்போது அவர் கேட்பதும் நான் தலையாட்டுவதும்
(ஆட்டினால் வலிக்கும்)
கேஸை மூடியாச்சா என்பதுபோலத்
தூங்குமுன் ஒரு சரிபார்ப்பு.

என் வேலையைச் சொல்லவில்லையே.
சீஃப் பக்கம், பதினோராவது மாடி, காப்பீட்டு ஆபீஸ்.
பிறர் வலிக்கு எண் போடுவது.
கை ஒடிந்தால் ஓர் எண். கல் அடைத்தால் ஓர் எண்.
காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தால்
மூன்றாவது தடவை நிராகரிக்க வேண்டும்.
ஆறு வருடமாக நிராகரித்திருக்கிறேன்,
டீ ஆறுவதற்குள் பத்து, பன்னிரண்டு.
கெட்ட எண்ணம் கிடையாது.
கட்டம் காலி, அவ்வளவுதான்.

போன செவ்வாய் ஒரு ஃபைல்.
சூசையடிமை, நாற்பத்து நாலு,
சித்ராவில் சாரம் கட்டுகிறவர்.
முகம், தாடை, கழுத்து. இடது.
மூன்றாவது தடவை.
கட்டம் வெள்ளை.

மவுஸில் விரல் இருந்தது.
தாடையில் அது நகர்ந்தது.

விளக்கம் கேட்கலாம் என்று விதியில் இருக்கிறது.
யாரும் கேட்பதில்லை.
நம்பரை அடித்தேன்.
பின்னால் இரும்புக் குழாய்கள் விழும் சத்தம்.
'ரிஜெக்டா மேடம்?' என்றார், எடுத்ததும்.

எங்கே தொடங்குது?
'காதுக்கு முன்னாடி. ஹெல்மெட் வார் படுற எடம்னு நெனச்சேன்.
லீவுல பத்து நாளு போடாமப் பாத்தேன். அப்பவும் வந்துச்சு.'
ஏசி காத்துப் பட்டா?
'ஆமா.'
தலையணை மாத்தினீங்களா?
'நாலு.'
என்னிடம் ஐந்து என்று நான் சொல்லவில்லை.

சிரிச்சா வலிக்குதா?
அந்தக் கேள்வி படிவத்தில் கிடையாது.
கொஞ்ச நேரம் குழாய்ச் சத்தம்.
பிறகு அவர்
சோதித்துப் பார்ப்பதற்காகச் சிரித்தார்,
ஒத்தைப் பக்கமாக.
'ஆமா மேடம். வலிக்குது.'
நானும் சோதித்தேன்.

லபன் பாக்கெட்டை ஃப்ரீசரில் போட்டுத்
துண்டில் சுற்றிப்
பின்கழுத்தில் வைக்கச் சொன்னார்.
எனக்கும் இருக்கிறதென்று சொல்லவேயில்லை,
எப்படித் தெரிந்ததோ.
'போகாது. ஆனா கொஞ்ச நேரம்
வேற பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும்.'

'நிலுவை' என்று போட்டேன்.
முப்பது நாள் தாங்கும்.

இறங்கிப் போகும்போது கோல்ட் ஸ்டோரில்
இரண்டு லபன் வாங்கினேன்.
ஸ்ட்ரா வேண்டுமா என்றான்
கடைப் பையன்.