தூக்கிச் சாத்தவும்

ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை.
அங்கமுத்துவுக்குக் கிடையாது.
ஏற்காடு ஏறும் பஸ்ஸுக்கெல்லாம் பிரேக் பார்க்கிற ஆள்,
அவர் கையை நம்பித்தான்
இருபது கொண்டை ஊசியிலும் ஜனங்கள் தூங்கிக்கொண்டே இறங்குகிறார்கள்.
வீட்டுக் குழாய் மட்டும்
நாலு வருஷமாக அவர் காதில் விழவில்லை.

கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் பட்டியல்,
என் கையெழுத்து, மூன்று நிறப் பேனாவில்.
குழாய் வாஷர்.
பாத்ரூம் கதவு.
ஜன்னல் கொக்கி, மழைக்கு முன்னால்
என்று எழுதியிருக்கிறேன், எந்த மழை என்று எழுதவில்லை.
கயல் சைக்கிளுக்குச் செயின்.
கயல் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறாள்,
சைக்கிள் போன தீபாவளிக்கு
பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது.
பூனை ஏறி வரப் பலகை.
பூனையும் இல்லை.
இரண்டையும் அடித்தேன்.
யாரும் செய்யாமலே முடிந்துபோன வேலைகள்.
பூனைமேல் கோடு போடும்போது
பேனா கொஞ்சம் அழுந்தியது, அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் செங்கோடன் ஹார்டுவேர்
பாதி ஷட்டரில் திறந்திருந்தது. குனிந்து நுழைந்தேன்.
கைக்குட்டையில் மடித்துக் கொண்டுபோன பழைய வாஷரை
கல்லாமேல் வைத்தேன், பிடுங்கிய பல்லைப் போல.
"அண்ணன் வரலீங்களா?"
"நான் வந்திருக்கேன்ல."
எட்டு ரூபாய் என்றார்.
எட்டு ரூபாய்.
மேட்டூர்த் தண்ணீர் நாலு நாளைக்கொருதரம் வரும் தெருவில்
ராத்திரி ராத்திரியாக நான் எண்ணிய சொட்டு,
சொட்டுக்கு வைத்த பக்கெட், பக்கெட்டுக்கடியில் பாசி,
பாசியில் வழுக்கி ஒரு மாசம்
நான் இடுப்பில் கட்டிக்கொண்டு ஆபீஸ் போன பெல்ட்,
எல்லாம் சேர்த்து எட்டு ரூபாய்.
கோபத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வாங்கினேன்,
மஞ்சள் பிடி போட்டது, எனக்கே எனக்கு.

குழாய் இருபது நிமிஷத்தில் வாயை மூடியது.
ஜன்னலுக்கு ஒரு மணி நேரம்.
மாமாங்கத்து வெள்ளைக்கல் தூசி
கம்பியில் மாவாக அப்பியிருந்தது, துடைத்தால் பச்சைப் பெயிண்ட்.
நாங்கள் பச்சையா அடித்தோம்?
யார் நிறம் சொன்னது, அவரா, நானா?
நினைவில்லை. துணியைப் பிழிந்தேன்.

கடைசியில் கதவு.
ஏழு வருஷமாக அதில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது:
தூக்கிச் சாத்தவும்.
வந்தவர்கள் படித்தார்கள், சிரித்தார்கள், தூக்கிச் சாத்தினார்கள்.
சின்ன நாத்தனார் மட்டும் படிக்காமல் இழுத்துச் சாத்தி
அரை மணி நேரம் உள்ளே நின்று கத்தினாள்.
அது நல்ல நாள்.

கீலில் மூன்று திருகுக்கு இரண்டுதான்,
அந்த இரண்டும் ஓட்டைக்குள் சும்மா சுற்றின.
தீக்குச்சியை ஒடித்து ஃபெவிகாலில் தோய்த்து
ஓட்டையில் திணித்து முறுக்கினேன். பிடித்துக்கொண்டது.
இந்த உபாயத்தை அவர்தான் ஒருநாள்
யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்,
இந்தக் கதவின்மேலேயே சாய்ந்துகொண்டு.

தாளைக் கிழிக்கவில்லை.

ராத்திரி பத்தரைக்கு வந்தார்,
கையில் கிரீஸ், பையில் தட்டுவடை செட் பொட்டலம்.
முகம் கழுவப் போனார். பழக்கத்தில் கதவைத் தூக்கினார்.
தூக்க ஒன்றும் இல்லாமல்
தோள் மட்டும் மேலே போய் நின்றது.
கொஞ்ச நேரம் உள்ளே சத்தமில்லை.
சொட்டும் இல்லை.
பிறகு கதவு சாத்தும் சத்தம்.
திறக்கும் சத்தம்.
சாத்தும் சத்தம்.

நான் பொட்டலத்தைப் பிரித்து
ஒரு தட்டுவடையைக் கடித்தேன்,
மொறுமொறுவென்று, அவருக்குக் கேட்கிற மாதிரி.