ஈரம் படாத உப்பு

போல்ட் உடைவதற்கு ஒரு கணம் முன்
இளகும்.
வழிக்கு வந்துவிட்டதென்று
கைக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கும்.
அந்தச் சந்தோஷத்தை நம்பக் கூடாதென்று
இருபது வருஷமாக எனக்குத் தெரியும்.
நம்பினேன்.

ஸ்பேனரில் மாட்டியிருந்த நாலடிக் குழாய்
காற்றை வெட்டிக்கொண்டு வந்து தரையில் மோத,
போல்ட்டின் தலை
பிரோஷ்காவின் பூட்ஸுக்கருகே உருண்டு நின்றது.
என் அண்ணி. டார்ச் பிடிக்க வந்தவள்.
"கழன்றதா, உடைந்ததா?" என்றாள்.
இன்னும் பதில் சொல்லவில்லை நான்.

தொண்ணூற்றேழாம் வருஷத்து ரேஞ்சர்.
இடது பின்பக்க ஸ்பிரிங்கில்
மேல்பட்டை இரண்டாக விட்டிருந்தது.
பட்டையை மாற்ற ஒரு மணி நேரம்.
பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்ற
இன்றோடு மூன்றாம் நாள்.
நட்டு வந்துவிட்டது, அதைக் குறை சொல்வதற்கில்லை.
போல்ட்தான் புஷ்ஷின் இரும்புக் குழலோடு சேர்ந்து
ஒரே உடம்பாகிப் போயிருந்தது.
திருப்பினால் ரப்பர் முறுகும்.
விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்,
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
எதையும் செய்யாதவர்களைப் போல.

நெருப்புக் காட்டலாமே என்றாள் பிரோஷ்கா.
காட்டலாம்.
ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் டேங்க்,
சம்பளத்தன்று நிரப்பியது.

ஈரி ஏரிக்கரையில்
நவம்பரிலிருந்து சாலைக்கு உப்பிடுவார்கள்.
பனி கரையும். வண்டி வழுக்காது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
வண்டியின் அடிவயிறு மட்டும்தான்.

அந்த உப்பை அள்ளுவது நான்.
ஏரிக்குக் கீழே, இரண்டாயிரம் அடியில்,
ராத்திரி ஷிப்டில், லோடர் ஓட்டி.
டன்னுக்கு எத்தனை போல்ட் என்று
கம்பெனி கணக்கு வைப்பதில்லை.

அன்றிரவு டெல்மரின் காரில் தொற்றிக்கொண்டு போனேன்,
நகக்கண்ணில் துருவோடு.
சாப்பாட்டு இடைவேளையில்
மூடிவிட்ட பழைய கிளைச் சுரங்கத்துக்குள் நடந்தேன்.
அங்கே ஒரு லோடர் கிடக்கிறது,
நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நின்றுபோனது.
துண்டு துண்டாக லிஃப்டில் இறக்கி
கீழே வைத்துப் பூட்டியது.
மறுபடி பிரித்து மேலே ஏற்றக் கட்டுப்படியாகவில்லை.
சுவர் உப்பு. தரை உப்பு. கூரை உப்பு.
உதட்டை நக்கினால் அதுவும்.

சக்கரத்துக்கு மேலே ஒரு போல்ட்.
பையிலிருந்த ஸ்பேனரை வைத்தேன்.
ஒரே ஒரு 'டக்'.
பிறகு விரலாலேயே சுற்றினேன்,
வந்துகொண்டே இருந்தது.
தலைவிளக்கைக் குனித்துப் பார்த்தால்
மரை ஒவ்வொன்றும் கடையில் வாங்கிய நாள் போல.
முப்பது வருஷம் உப்புக்குள்ளேயே கிடந்து
ஒரு பொட்டுத் துரு இல்லை.
அங்கே ஈரம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.
எட்டாம் வகுப்புப் பாடம்.
தெரிந்ததுதான் என்றாலும்
டெல்மர் வந்து கூப்பிடும்வரை
அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
என் வண்டிக்கு ஆகாது, அளவு வேறு.
(அளந்து பார்த்தேன், சொல்வதற்கென்ன.)
திரும்பப் போட்டு முறுக்கிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ரம்பம்.
புஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் நடுவே
நகம் நுழையும் சந்து.
மூன்று பிளேடு முறிந்தது.
நாலாவது பல் போய்ச் சிரித்தது.
ஐந்தாவதை வாங்கப் பிரோஷ்கா பனியில் போனாள்,
வரும்போது எனக்குச் சூப்பும் வாங்கி வந்தாள்.
சூப் ஆறியது. மறுபக்கமும் அறுந்தது.
பட்டை விழுந்த சத்தத்தில்
தெருக்கோடியில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து
வெகு நேரம் நிறுத்தவில்லை.
ஒட்டிக்கொண்ட இரண்டையும் ஒட்டியபடியே
பழைய இரும்பு வாளியில் போட்டேன்.
எது குழல், எது போல்ட் என்று பார்க்கவில்லை.

புதுப் போல்ட்டுக்குச் செம்புக் கிரீஸை
முழங்கை வழியும்வரை பூசினேன்.
"எதுக்கு இவ்வளவு? இந்த வண்டி
இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றாள்.
உப்புப் பெறாத வண்டிதான்.
வெளியே நகராட்சி லாரி மெதுவாகப் போனது.
ஷெட்டின் தகரக் கதவில்
கல்லுப்பு சடசடவென்று தெறித்து உதிர்ந்தது.
குனிந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
எங்கள் சரக்குதான்.
நல்ல சரக்கு.