ஞாயிறு இரவுகளில் பதினெட்டு

குளிர்பெட்டி திறபடும் ஒலிகள் எனக்குப் பாடம்.
பாலுக்கென்றால் போத்தல்கள் இடிபடும்,
மாவுக்கென்றால் தட்டு உரசும்.
இது வேறு.
கதவைத் திறக்கிறவள்
கதவிடமே மன்னிப்புக் கேட்பது மாதிரி.

பிறகு குளியலறைப் பூட்டு.
பிறகு
டிக். டிக். டிக்.
சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்து எண்ணுகிறேன்.
பதினெட்டில் நிற்கும்.

வியாழன் என்னுடைய நாள்.
கிறேஃபெல்டுக்கு வந்து
இரவு வேலையில் பதினோரு வருசம் போனபின்
வந்து சேர்ந்தது சீனி வருத்தம்.
கிழமைக்கு ஒரு ஊசி, பேனா மாதிரி.
டொக்டர் எழுதியது என் பெயருக்கு,
காப்புறுதி காசு கட்டுவது என் இரத்தத்துக்கு.
தவமலரின் இரத்தத்தில் ஒரு குறையுமில்லை.
அவளிடம் இருப்பது
கை ஏறாத ஒரு சேலைச் சட்டை,
அதுவும் அலுமாரியில்.

ஊசிமுனைப் பெட்டியையும் எண்ணிப் பார்த்தேன்.
களவிலும் சுத்தம் பார்க்கிறாள்:
ஒவ்வொருமுறையும் புது முனை.

கேட்கலாம்.
"மலர், அது எனக்கெண்டு தந்தது."
நாலே சொல்.
வாய்வரை வருகிறது,
வந்து நாக்கிலேயே கரைகிறது.

ஏனென்றால் சித்திரையில்
யோகன் வீட்டுச் சாமத்தியச் சடங்கில்
படக்காரப் பொடியன் நெருங்கி நிற்கச் சொன்னபோது
"இவவுக்கு ரெண்டு படம் வேணும் தம்பி,
ஒண்டுக்குள்ள அடங்கமாட்டா"
என்றவன் நான்.
மண்டபம் சிரித்தது.
அவளும் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய.
பிறகு தன் கேக் துண்டை
என் தட்டுக்கு மாற்றினாள்.
சீனி வருத்தக்காரன் நான்
அதையும் தின்றேன்.

இப்போது புட்டில் மூன்று விரலால் கிள்ளுகிறாள்.
நண்டு கொதிக்கையில் யன்னலைத் திறந்து
டிராம் பாதையைப் பார்த்து நிற்கிறாள்.
உப்புப் பார்க்க மகளைக் கூப்பிடுகிறாள்.
அபிநயாவுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும்?
மூன்று கிழமையாக
சப்பென்ற கறியைத் தின்று "நல்லாயிருக்கு" என்கிறோம்.
குழாயைத் திறந்துவிட்டுச் சத்தி எடுக்கிறாள்.
குழாய் ஓடி முடியும்வரை
டிவிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.
இப்படித்தான் இந்த வீட்டில்
ஒருவருக்கொருவர் உதவி.

"மெலிஞ்சு வடிவாய் வந்திட்டாய், என்ன செய்யிறாய்?"
கடையில் கேட்கிறார்கள்.
"நடக்கிறன்" என்கிறாள்.
நடக்கிறாள்தான்,
கட்டிலிலிருந்து குளிர்பெட்டி வரைக்கும்.

போன செவ்வாய் மருந்துக்கடையில்
திருமதி பிரிங்க்மன் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
இங்கே இல்லை. டூயிஸ்பேர்க்கிலும் இல்லை.
எப்போது வரும் என்பதும் இல்லை.
"எல்லாருக்கும் இப்ப இடுப்பு வருத்தம், ஹெர் நேசராசா."
நானும் சிரித்தேன்,
பல்லெல்லாம் தெரிய.

வியாழன் பேனாவைத் திருகினேன்.
என் அளவுக்குப் போகமுன்பே நின்றுவிட்டது.
இருந்ததைப் போட்டேன்.
வெள்ளி காலை 241.
சனி 263,
கால்விரல்களுக்குள் எறும்பு.
வேலை முடிந்து ஊர்டிங்கன் பாலத்தடியில் நின்றேன்.
ரைனில் கரியேற்றிய கப்பலொன்று
விளிம்புவரை அமிழ்ந்து,
அத்தனை பாரத்தோடும்
ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல்
போய்க்கொண்டிருந்தது.

இன்று ஞாயிறு.
குளிர்பெட்டி. பூட்டு.
எண்ணக் காத்திருந்தேன்.
ஒன்றுமில்லை.
நெடுநேரம் ஒன்றுமில்லை.

பேனாவைக் கையில் பிடித்தபடியே வந்தாள்,
லைட்டைப் போடவில்லை.
"இதுக்குள்ள இனி இல்லை."
"தெரியும்."
"எப்ப இருந்து?"
"சித்திரையில இருந்து."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
முன்பென்றால் மெத்தை அவள் பக்கம் சரியும்,
தூக்கத்திலும் நான் உருண்டு போய்ச் சேர்வேன்.
இன்று அது சரியவில்லை.
நானாகத்தான்
நகர வேண்டியிருந்தது.