இரண்டு விரற்கடை

வீட்டை விற்றோம்.
நாயை அவன் எடுத்துக்கொண்டான்.
படகைத்தான் பிரிக்க முடியவில்லை.
ஏழரை மீட்டர்;
ஒருவர் பங்கை மற்றவர் வாங்கக்
கையில் காசில்லை இருவருக்கும்.
ஆகவே ஞாயிறுதோறும்
நானும் பிரெய்ஷோவும்
அரோசா கழிமுகத்தில்
ஒரே பாய்க்குக் கீழே.

இன்று வடகிழக்குக் காற்று, நல்ல காற்று.
சிப்பி வளர்க்கும் மிதவைகளைச் சுற்றிப் பந்தயம்.
எல்லாரும் எங்களைத் தாண்டிப் போகிறார்கள்,
மருந்துக்கடைச் சகோதரிகளின்
ஒட்டுப்போட்ட பழம்படகு உட்பட.

சுக்கான் என் தோளைப் பிடுங்குகிறது.
கொஞ்சம் விட்டால் போதும்,
காற்றின் முகத்துக்கே மூக்கைத் திருப்புகிறது படகு.
‘நீ பிடிக்கிற லட்சணம்’ என்கிறான்.
‘நீ இழுத்துக் கட்டின லட்சணம்’ என்கிறேன்.

அண்ணாந்தால் பாய் பையாக உப்பியிருக்கிறது.
முன்னால் இருக்கவேண்டிய வயிறு
பின்னுக்குச் சரிந்து கிடக்கிறது.
உச்சியில் தைத்த கம்பளி நூல்
பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு
வரமாட்டேன் என்கிறது.

அடிமுனையை இழுத்தான்.
அடிப்பாகம் தட்டையானது,
மேலே அதே தொந்தி.
பாய்க்கயிற்றைத் தளர்த்தினான்.
நூல் வெளியே வந்து இரண்டு தரம் துடித்தது,
படகு தூங்கி வழிந்தது.
பின்கம்பியை முறுக்கி மரத்தையே வளைத்தான்.
‘துணி செத்துப்போச்சு ஊஷியா,
புதுப் பாய் வாங்கணும்.’
‘யார் காசில்?’

அதன்பின் தண்ணீர்தான் பேசிற்று.

அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்
பாய்மரத்தைப் பார்த்தேன்.
முன்விளிம்பில், கொக்கிக்கு ஒன்றாக,
கிடைச் சுருக்கங்கள்.
எப்போதிருந்து?
கிளம்பும்போது நானேதான் ஏற்றினேன்,
கயிற்றில் சுற்றிய சிவப்பு நூல்
கவ்வியின் வாய்க்கு வரும்வரை.

இப்போது சிவப்பு
கவ்வியைவிட்டு மரத்துப் பக்கம்
இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வீச்சு.
இன்னும் ஒரு மயிரிழை போனது,
சத்தமே இல்லாமல்.

கிழமைக்கு ஐந்து நாள்
பொய்ப்பல் செய்கிறவள் நான்.
தேய்ந்த பல் எனக்குத் தெரியாதா?
குனிந்து கவ்வியின் வாய்க்குள் விரலை விட்டேன்:
வழவழவென்று, கிழட்டு ஈறு.

‘பிரெய்ஷோ, பாயை விடு. உருளையைச் சுற்று.’
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்காமல் அவன் செய்தது
மூன்று வருடத்தில் இதுதான் முதல்.
இரண்டு விரற்கடையும் திரும்ப வந்தது.
கவ்வியை நம்பாமல்
கொம்பில் எட்டுப்போட்டுக் கட்டினேன்.

சுருக்கங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாய் அழிந்தன.
வயிறு முன்னுக்கு நகர்ந்தது.
நூல் கிடையாக ஓடிற்று.
சுக்கான் என்னிடம் எதுவும் கேட்கவில்லை;
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன்.

‘எவ்வளவு நாளா வழுக்கிட்டிருந்திருக்கும்?’ என்றான்.
தெரியாது என்றேன்.
இரண்டுபேரும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
தேவைக்கு அதிகமாகவே.

கடைசிக்கு முந்தின இடம்.
மருந்துக்கடைச் சகோதரிகளை
ஒரு படகு நீளத்தில் பிடித்துவிட்டோம்.

புதுக் கவ்வி அறுபது யூரோ.
ஆளுக்கு முப்பது.
ரசீது யார் பெயருக்கு என்று
கடையில் கேட்பார்கள்.
அவன் மீன்பெட்டிகளுக்கு நடுவே நடந்துபோகிறான்,
நாய் காத்திருக்கும் வண்டிக்கு.
நான் இன்னும் படகில்தான்,
சிவப்பு நூலைப் பிரித்து
மறுபடி இறுக்கிச் சுற்றிக்கொண்டு.