கணக்கு முடிக்கப் போனவன்

இடிக்கப்போகும் வீட்டுக்குள்
முறைப்படி கடைசியாக நுழைபவன் நான்.
கையில் திருப்புளி, இடுக்கி, ஒரு படிவம்.
மின்சாரத்தைக் கழற்றிக்கொண்டு
வெளியே வந்து கையெழுத்துப் போட்டால்தான்
இயந்திரம் வரும்.

கோலாலம்பூரில் இப்படி
எத்தனை வாசலைத் தாண்டியிருப்பேன்.
அம்பாங் சாலையில் ஒரு ஈயச்சுரங்க முதலாளியின் மாளிகை:
மீட்டர் மாடிப்படிக்கு அடியில்,
சப்பாத்துப் பெட்டிகளுக்குப் பின்னால்.
பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்
கதவுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில்;
முக்காலி கேட்கலாமென்றால்
பக்கத்து வீட்டிலும் ஆளில்லை.
பத்து ரோட்டுக் கடைவீடொன்றில்
ஒரே பலகையில் ஏழு மீட்டர்,
ஏழு குடும்பத்தின் பெயர் சாக்கட்டியில்.
தூண், வளைவு, ஆண்டு பொறித்த முகப்பு எல்லாம்
படமெடுக்க வருகிறவர்கள் சொல்லித்தான் தெரியும்.
அண்ணாந்து பார்க்கச் சம்பளமில்லை.

மூன்றாம் புளோக் விஷயம் வேறு.
பதினேழு மாடி, எட்டு மாதமாகக் காலி.
லிஃப்ட் செத்துவிட்டது. ஹாஷிம்
கீழே லோரியில் படுத்திருக்கிறான்.
நோன்பு மாதம்; ஏறச்சொல்ல மனம் வரவில்லை.
மாடி மாடியாகக் கழற்றிக்கொண்டே போனேன்.
சுவரில் பென்சிலால் எழுதிய நாலு நம்பர்கள்,
எதுவும் விழுந்திருக்காது.
சீனர் வீட்டில் சாமிப்பெட்டி இருந்த இடம் மட்டும்
சிவப்பாக, சதுரமாக.
யாரோ ஒரு பிள்ளை கதவில் எழுதிவைத்திருந்தது:
போய்விட்டோம்.

பதினான்காம் மாடி, கடைசிக்கு முந்தின கதவு.
மீட்டரில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது,
சாப்பிட்டுவிட்டு நடப்பவரைப்போல
மெதுவாக.

கூடத்தில் ஒன்றுமில்லை.
சமையலறையில் ஒரு சின்னக் குளிர்பெட்டி
தனக்குத்தானே முனகியது.
உள்ளே இரண்டு முட்டை,
உடைக்காத கண்மருந்துப் புட்டி ஒன்று,
பாதி எலுமிச்சை.
வெட்டிய பக்கம் இன்னும் ஈரம்.

படிவத்தைப் புரட்டினேன்.
இராசாம்பாள் அனாக் பெரெம்புவான் சங்கிலி.
அடையாள எண்ணின் முதல் இரண்டு இலக்கம்
ஐம்பத்திரண்டு.
பாக்கி ஏதுமில்லை. மாதம் தவறாமல்
முகப்பில் ரொக்கமாகக் கட்டியிருக்கிறாள்
பதினொரு வெள்ளி நாற்பது காசு.

"வீட்ல யாரு?" என்றேன்.
யாருமில்லாத அறை அந்தக் கேள்வியை
என்னிடமே கேட்டது.
ஏறி வந்த படிக்கட்டை நினைத்தேன்.
கைப்பிடியின் ஒரு பக்கம் மட்டும் தூசியில்லை;
பார்த்தேன், யோசிக்கவில்லை.

மூன்று மணிவரை தரையில் உட்கார்ந்திருந்தேன்.
ஹாஷிம் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான்.

தட்டு நின்றது. முனகல் நின்றது.
வீணாகப்போகிறதே என்று, இல்லை பொய், தாகம்தான்,
மேல்தட்டிலிருந்து ஒரு ஐஸ்கட்டியை
வாயில் போட்டுக்கொண்டேன்.
பல் கூசியது, பத்தாவது மாடி வரை.
கண்மருந்து என் சட்டைப்பையில்.
தொலைபேசி எண்ணைத் துண்டுத்தாளில் எழுதி
கதவிடுக்கில் செருகியிருந்தேன்.

படிவத்தில் "குடியிருப்போர்" என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
மேலாளர் அதை அடித்துச் சுழியம் போட்டார்.
"ஒன்று போட்டால் யார் தேடுவது?"

வியாழக்கிழமை விழுந்தது புளோக்.
அதற்கு முன் ஒலிபெருக்கியில்
மூன்று மொழியில், மூன்று முறை
ஆளிருக்கிறதா என்று கேட்டார்கள்.
தமிழில் கேட்டவன்
மரியாதையாகத்தான் கேட்டான்.

கண்மருந்து இப்போது என் வீட்டுக் குளிர்பெட்டியில்,
முட்டைகளுக்குப் பக்கத்தில்.
தேதி போன வருடமே முடிந்துவிட்டது.
மனைவி இரண்டு முறை குப்பையில் போட்டாள்,
இரண்டு முறையும் எடுத்துவைத்தேன்.
தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால்
முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.
பெரும்பாலும்
கடன் அட்டை வேண்டுமா என்கிறார்கள்.