இருபத்தெட்டுப் புள்ளி பூஜ்யம் நான்கு

தராசின் கண்ணாடிக் கதவை மூடியதும்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
யாரும் சொல்லித்தந்ததில்லை.
நகைக்கடையில் மின்விசிறியை அணைப்பார்களே
அந்த மாதிரி ஒரு பழக்கம்.
கடைசி இலக்கம் எப்போதும்
கொஞ்சம் தத்தளித்துவிட்டுத்தான் உட்காரும்.

டொலீடோ நகரம். ஆகஸ்ட் மாதம்.
இங்கே ஓடும் ஆற்றுக்கு மாமீ என்று பெயர்.
வந்த புதிதில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.
அன்று குளிர்சாதனம் பழுது.
மாமீயின் ஈரமெல்லாம்
ஆய்வுக்கூடத்துக்குள் வந்து குந்தியிருந்தது.

உறைமேல் வழக்கு எண், கீழே பெயர்:
ஹேர்ஸ்டன், டெல்வின். வயது இருபத்து மூன்று.
உள்ளே மஞ்சளோடிய கட்டிகள்,
உடைத்த கற்கண்டுபோல.
பையை நீக்கி, தாளை நீக்கி,
அவனை நீக்கி
நிறுத்தேன்.
28.04.

இருபத்தெட்டுக்குக் கீழே இருந்தால்
நீதிபதி யோசிக்கலாம்.
தொட்டுவிட்டால் யோசனைக்கு வேலையில்லை,
ஐந்து வருடம், ஒரு நாளும் குறையாமல்.
கலவையோடு சேர்த்து நிறு என்கிறது சட்டம்.
ஆகவே அதில் கிடந்த ஆப்பசோடாவுக்கும்
அவன்தான் உள்ளே போகவேண்டும்.

அதே வாரம் ஏரிக்கரை வீடொன்றிலிருந்து
வெள்ளைப் பொடி வந்தது.
நானூற்று அறுபது கிராம்.
பொடிக்கு எல்லைக்கோடு ஐந்நூறு.
இயந்திரம் இரண்டுக்கும்
ஒரே நிமிடத்தில் ஒரே கூம்பை வரைந்தது.
அதற்குக் கட்டி தெரியாது, பொடி தெரியாது,
ஏரிக்கரை தெரியாது.
பொடிக்காரனுக்கு நீதிபதி யோசித்தார்.
பதினெட்டு மாதம்.

டெல்வினின் வக்கீல் டையில் காப்பிக்கறை.
"கருவியில் பிழை எவ்வளவு இருக்கலாம், அம்மா?"
கூட்டியோ குறைத்தோ
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு.
"அப்படியானால் இருபத்தேழு தொண்ணூற்றெட்டாகவும்
இருக்கலாம்?"
இருக்கலாம், என்றேன்.
சுருக்கெழுத்துக்காரி அந்தச் சொல்லைத்
தட்டிய ஓசை கேட்டது.
பிறகு மதிய உணவு இடைவேளை.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
மஞ்சள் தாளில் குனிந்து ஏதோ எழுதினான்.
மகள் வயதோடு ஐந்தைக் கூட்டியிருக்கலாம்,
சும்மா கோடு இழுத்திருக்கலாம்.
பின்வரிசையில் அழுத குழந்தையை
வெளியே தூக்கிப் போகச் சொன்னார்கள்.
அது யாருடைய குழந்தை என்று
நான் விசாரிக்கவில்லை.
ஜூரிகள் நாற்பது நிமிடத்தில் திரும்பினார்கள்.

மூன்று வருடம் கழித்து மேல்முறையீடு.
மறுபடி நிறுக்கச் சொல்லி ஆணை.
பிப்ரவரி மாதம். ஹீட்டர் ஓடி ஓடி
உதடு வெடிக்கும் வறட்சி.
முத்திரையைக் கிழித்தேன், கதவை மூடினேன்.
27.31.
எழுநூற்று முப்பது மில்லிகிராம் தண்ணீர்
வக்கீல் வைக்காமல், மனுப் போடாமல்
விடுதலையாகிப் போயிருந்தது.

இரண்டு வரியில் அறிக்கை எழுதினேன்.
பிடித்த அன்றைய எடையே எடை என்று
ஒரே வரியில் பதில் வந்தது.
தப்பென்று சொல்ல முடியாது.
ஈரமாக இருந்தபோது அது ஈரமாகத்தான் இருந்தது.

நாற்பது மில்லிகிராம்.
காய்கறிக்காரர் கொசுறாகப் போடுவதில்
கணக்கிலேயே வராத அளவு.
ஒருநாள் எல்லோரும் போனபிறகு
சாப்பாட்டு டப்பாவில் ஒதுக்கிவைத்த
கறிவேப்பிலை ஒன்றைக் கழுவித் துடைத்துத்
தராசில் வைத்தேன்.
விதிமீறல்தான். தெரிந்தால் வேலை போகும்.
0.05 காட்டியது.

எடுத்துக் குப்பையில் போட்டு,
தட்டை ஆல்கஹாலில் துடைத்து,
எண் பூஜ்யத்துக்குத் திரும்பும்வரை நின்றேன்.
அப்புறம்தான் கவனித்தேன்,
அந்த இலைக்கும்
மூச்சைப் பிடித்திருக்கிறேன்.